அரைக்கட்டை இறங்கிய பியானோ

அத்தானுக்குத் திடீர் திடீரென்று இசை தோன்றும். அது எப்போது தோன்றும், எப்படித் தோன்றும், தோன்றும்போது எந்தக் கண்ணை முதலில் மூடுவார் என்பதெல்லாம் சின்னவளுக்குப் பதினெட்டு வருடமாக மனப்பாடம்.

வீட்டில் இளையவள் என்பதால் வந்த பெயர் அது. நாற்பத்தொன்பது வயதாகி, வாசிக்கக் கண்ணாடி, படியேற முழங்கால் வலி என்று எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்ட மனிதர் சாக்ஸபோன் வாசிப்பவர், தங்கை பியானோ வாசிப்பவள். வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும் என்று அத்தான் ஒருநாள் முடிவு செய்தார். இந்த ஜோடிக் கச்சேரி அப்படித்தான் ஆரம்பித்தது. பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. சுவரொட்டியில் அவர் படம் இருக்கும், கன்னம் உப்பி, நெற்றி சுருங்கி, உலகத்துத் துக்கத்தையெல்லாம் தான் ஒருவரே ஊதித் தீர்ப்பது போல. அவர் தோளுக்குப் பின்னால் மங்கலாக ஒரு முழங்கை தெரியும். அந்த முழங்கை சின்னவளுடையது.

ஜாஸ் கச்சேரி கேட்டிராதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். முதலில் பாட்டின் மெட்டை ஒருமுறை நேராக வாசிப்பார்கள். அதற்குப் பிறகு, அந்தப் பாட்டின் சட்டத்துக்குள்ளேயே நின்றுகொண்டு, அந்த நிமிடத்தில் மனதில் எழுவதை வாசிக்க வேண்டும். முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்வதில்லை. பாட்டின் நீளத்துக்கு ஒருமுறை சுற்றி வந்தால் ஒரு சுற்று. எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகலாம், சரக்கு இருந்தால். கேட்க வருகிறவர்கள் வருவதே அதற்காகத்தான். இன்றைக்குப் பிறந்தது, நாளைக்கு இருக்காது.

அத்தானுடையது நாளைக்கும் இருக்கும். அடுத்த வருடமும் இருக்கும். அவருடைய புகழ்பெற்ற ‘தோன்றல்’ மூன்று சுற்று. அதைச் சொந்தக் காசு போட்ட மாதிரி பத்திரமாக, ஒரு ஸ்வரம் குறையாமல், கச்சேரிக்குக் கச்சேரி எடுத்து வைப்பார். முதல் சுற்றின் நடுவில் வழி தெரியாதவர் போல ஒரு தயக்கம் வரும். இரண்டாவது சுற்றின் முடிவில் ஒரு பிசகு வரும். ஒரு ஸ்வரம் வழுக்கும், அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவார், கூட்டம் ‘ஆகா’ என்று மூச்சு விடும். அந்தப் பிசகை அவர் மாடியில் தினமும் காலை எட்டு மணிக்குச் சாதகம் செய்வதைக் கீழ்வீட்டில் இருக்கும் சின்னவள் காபி ஆற்றிக்கொண்டே கேட்டிருக்கிறாள். பிசகு சரியாக விழவில்லை என்றால் மறுபடி வாசிப்பார். தப்பைத் தப்பில்லாமல் செய்யப் பாடுபடும் ஒரே கலைஞரை அக்கா எங்கிருந்துதான் பிடித்தாளோ தெரியவில்லை.

போன மாதம் வானொலியில் பேட்டி கொடுத்தார். “உங்ககூட வாசிக்கிறவங்களைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டார்கள். “பியானோ எனக்கு ஒரு நாற்காலி மாதிரி. நல்ல நாற்காலி. நம்பிச் சாஞ்சுக்கலாம். ஆனா நாற்காலி பேச ஆரம்பிச்சா உக்கார முடியாது இல்லையா” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சின்னவள் அப்போது பள்ளிக்கூடத்து இசை அறையில் பிள்ளைகளின் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வானொலியை அணைக்கவில்லை. முழுவதையும் கேட்டாள். வன்மத்துக்குத் தீனி போட வேண்டும் அல்லவா.

அந்தப் பேட்டி போன அதே வாரம்தான் அரங்கத்து நிர்வாகியம்மா கூப்பிட்டு அனுப்பினாள். நகரத்தில் இருந்த பெரிய அரங்கத்துக்கு யாரை அழைப்பது, யாரை விடுவது என்று தீர்மானிப்பவள் அவள்தான். குட்டையான பெண்மணி, பேச்சும் அப்படியே.

“பியானோ மட்டும் வச்சு அடுத்த பருவத்துல நாலு கச்சேரி நடத்துறேன். மூணுக்கு ஆள் இருக்கு. நாலாவதுக்கு உங்களை நினைச்சேன். ஆனா உங்களைத் தனியா நான் கேட்டதே இல்ல.”

“யாருமே கேட்டதில்லைங்க” என்றாள் சின்னவள்.

“அடுத்த மாசம் ஞாயித்துக்கிழமை உங்க கச்சேரிக்கு வர்றேன். ரெண்டாவது பாதியில உங்களுக்குன்னு ஒரு சுத்து ரெண்டு சுத்து வாசிங்க. நீங்க யாருன்னு தெரிஞ்சா போதும். அன்னைக்கே சொல்லிடறேன்.”

சின்னவள் அத்தானிடம் போய்க் கேட்டாள். மச்சினி ஆசைப்பட்டுவிட்டாளே என்று பெரிய மனது பண்ணுகிற முகத்தோடு, “அதுக்கென்ன, வாசியேன்” என்றார். அதற்குப் பிறகு இருபது நாள், விடியற்காலையில், பியானோவின் நடு மிதியை அழுத்தி ஒலியை அமுக்கிக்கொண்டு சின்னவள் தனக்கென்று ஒன்றைத் தேடினாள். முழுவதையும் எழுதி வைத்துக்கொள்ள அவள் என்ன அத்தானா? எங்கே தொடங்குவது என்று மட்டும் கண்டுபிடித்தாள். இடது கையில், அடியில் கிடக்கும் ஒரே ஒரு கட்டை. அதை மூன்று முறை தட்ட வேண்டும். பிறகு ஒன்றும் வாசிக்காமல் இரண்டு மூச்சு நேரம் இருக்க வேண்டும். அந்த அமைதிக்குப் பிறகு என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு நாளும் வேறு ஒன்று வந்தது. சில நாள் நன்றாக வந்தது. ஒருநாள் வாசித்து முடித்துவிட்டு அப்படியே அழுதாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, சந்தோஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக் கச்சேரிக்கு அவள் இரண்டு மணிக்கே, கச்சேரி நடக்கவிருந்த பழைய அரங்கத்துக்குப் போனாள். மேடையில் பியானோவின் மூடியைத் திறந்து வைத்து, சுருதி சேர்க்கும் ட்யூனர் உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயது, நெற்றியில் ஒரு சின்ன விளக்கு, வாய் ஓயாத மனிதர்.

“வாங்கம்மா. ஒரு கெட்ட சேதி. இவளுக்கு வயசாயிடுச்சு.” பியானோவைத்தான் சொன்னார். “கம்பியெல்லாம் துரு. சரியான சுருதிக்கு முறுக்கினேன், ரெண்டு கம்பி பட்டு பட்டுன்னு போயிடுச்சு. இன்னொண்ணு போனா இன்னைக்குக் கச்சேரியே இல்ல. அதனால மொத்தத்தையும் அரைக்கட்டை இறக்கி வச்சுட்டேன்.”

அதாவது, அவள் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதற்கு இடது பக்கத்துக் கட்டையின் ஒலிதான் வரும். பியானோ தனியாக ஒலித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கூட சாக்ஸபோன் ஊதினால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். சாக்ஸபோனை அரைக்கட்டை இறக்க முடியாது, அதன் உடம்பு அப்படி. பியானோக்காரிதான் எல்லாவற்றையும் ஒரு கட்டை வலது பக்கம் தள்ளி வாசிக்க வேண்டும்.

“சமாளிப்பீங்களா?”

“இது ஏழாவது தடவைங்க” என்றாள் சின்னவள்.

பழைய அரங்கங்களில், பள்ளி விழாக்களில், கல்யாண மண்டபங்களில் என்று ஆறு முறை அவள் இப்படித் தள்ளி வாசித்திருக்கிறாள். பழக்கமான விரல்களைப் பழக்கமில்லாத இடத்தில் ஓட விடுவது லேசுப்பட்ட வேலை அல்ல. மண்டை காய்ந்துவிடும். ஆறு முறையும் அத்தானிடம் அவள் சொல்லவில்லை, சொன்னால் அவர் பதறிவிடுவார் என்று. ஆறு முறையும் அவருக்குத் தெரியவும் இல்லை. அவர் பைக்குள் ஒரு சுருதிக் கருவி உண்டு, அதோடு மட்டும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். சாய்ந்துகொள்கிறவன் நாற்காலிக்குக் கால் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பானா?

மூன்றே முக்காலுக்கு அத்தான் வந்தார், பின்னாலேயே சாக்ஸபோன் பெட்டியைச் சுமந்துகொண்டு அக்கா. ஊதா நிறக் கழுத்துத் துணி ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. அக்கா பெட்டியை வைத்துவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்து அழுத்தினாள். “கை ஏண்டி ஐஸ் மாதிரி இருக்கு?” என்றாள். பிறகு முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் நிறைந்திருந்தது. ஜாஸ் கூட்டம் என்றால் ஒரு தினுசு. புரிந்தவர்கள் பத்துப் பேர். மற்றவர்கள் அந்தப் பத்துப் பேர் எப்போது தலையாட்டுகிறார்கள் என்று பார்த்து ஆட்டுகிறவர்கள். அந்தப் பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். முன்வரிசை ஓரத்தில் தாடிவைத்த விமர்சகர் ஒருவர் இருந்தார். அவர் கண்ணை மூடினால் அது ரசனை, மற்றவர்கள் மூடினால் தூக்கம். நாலாவது வரிசை நடுவில் நிர்வாகியம்மா, மடியில் கைப்பை, கைப்பை மேல் இரண்டு கை.

முதல் பாதி நன்றாகவே போயிற்று. ஐந்து பாட்டையும் சின்னவள் ஒரு கட்டை தள்ளி வாசித்தாள். முதுகில் வேர்வை ஓடியது. ஒரு விரல்கூட வழுக்கவில்லை. அத்தான் ஊதினார், குனிந்தார், நிமிர்ந்தார், கைதட்டலை இரண்டு கையாலும் வாரிக்கொண்டார். “என் மச்சினி. என் நாற்காலி” என்று அவளை அறிமுகப்படுத்தினார். வானொலி கேட்டவர்கள் சிரித்தார்கள். கேட்காதவர்களும் சிரித்தார்கள்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அத்தான் கண்ணாடி முன் உட்கார்ந்து ரீடை வாயில் வைத்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். சாக்ஸபோனின் வாயில் மாட்டுகிற நாணல் சில்லு அது. நனைந்தால்தான் ஒலிக்கும். அதை வாயில் வைத்தபடியே பேசினார்.

“சின்னவளே, உன் தனி இன்னைக்கு வேணாம்.”

அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வைத்தாள்.

“சரின்னு சொன்னீங்களே அத்தான்.”

“சொன்னேன். கூட்டம் நல்ல சூடா இருக்கு, பாக்குறல்ல? நடுவுல பியானோவை விட்டா ஆறிப்போயிடும். அப்புறம் நான்தான் மறுபடி அடுப்பு மூட்டணும்.”

“நிர்வாகியம்மா அதுக்குன்னே வந்திருக்காங்க.”

“எல்லாரும் எனக்குத்தான் வந்திருக்காங்க.” ரீடை எடுத்துத் துடைத்தார். குரல் கெட்டதாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. இன்றைக்கு மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். “அடுத்த தடவை பாத்துக்கலாம். அதுவும் போக, இன்னைக்கு எனக்கு என்னமோ புதுசா ஒண்ணு தோணப்போகுதுன்னு மனசு சொல்லுது.”

சின்னவளுக்குள் எங்கேயோ ஒரு நரம்பு அறுந்தது. ட்யூனர் சொன்னது போலப் பட்டென்று அறுந்தது. பதினெட்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென்று கத்தினால் தொண்டையில் என்ன வரும்? கரகரப்புதான் வரும். அவளுக்குக் கத்தத் தேவையில்லை என்று தோன்றியது. ஒன்றும் செய்யவே தேவையில்லை. தள்ளி வாசிக்காமல் இருந்தால் போதும். கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று சுற்றையும் விரலில் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் மகானுபாவரின் விரலைப் பிடித்து அரைக்கட்டை கீழே இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம். புதிதாக ஒன்று தோன்றப்போகிறதாமே, தோன்றட்டும்.

இரண்டாவது பாதி அவருடைய பெயர் சொல்லும் பாட்டோடு தொடங்கியது. ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் பியானோ மட்டும், பிறகு அவர் நுழைவார். சின்னவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வீட்டில் வாசிப்பது போலவே, விரல் பழகிய இடத்திலேயே வாசித்தாள். பியானோ அரைக்கட்டை கீழே, தன் பாட்டுக்கு இனிமையாக ஒலித்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பக்கத்திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ட்யூனர் மட்டும் தலையைத் தூக்கினார்.

அத்தான் கண்ணை மூடினார், முதலில் இடது கண், பிறகு வலது கண். மூச்சை இழுத்து ஊதினார்.

கதவிடுக்கில் விரல் மாட்டினால் வருகிற மாதிரி ஒரு சத்தம். அத்தானின் இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. தாடிவைத்த விமர்சகரோ ஆழமாகத் தலையாட்டினார். அதைப் பார்த்து இருநூறு பேர் ஆட்டினார்கள்.

அத்தான் மறுபடி ஊதினார், மறுபடி அதே கோரம். சாக்ஸபோனின் ஊதும் முனையான மவுத்பீஸை வெளியே இழுத்தார். இழுத்தால் சுருதி கொஞ்சம் இறங்கும், ஆனால் கொஞ்சம்தான். பாதி வழி வந்து நின்றது, இன்னும் மோசமாக. விரலை மாற்றிப் பார்த்தார். அவருடைய மெட்டு அவருக்கு வெண்ணெய் மாதிரி வழுக்கும் இடத்திலிருந்து, ஒன்றுவிட்டு ஒன்று முள் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டிருந்தது. மூன்று ஸ்வரம் சரியாக விழுந்தது, நாலாவது எங்கோ போயிற்று. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அந்த வேர்வை சாதகம் செய்தது அல்ல. அவர் பியானோ பக்கம் திரும்பிப் பார்த்தார், திருவிழாக் கூட்டத்தில் அம்மா கையை விட்ட பிள்ளை போல.

சின்னவளுக்கு இனித்தது. அதைச் சொல்லாமல் மறைப்பானேன்? பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு தித்திப்பை அவள் உணர்ந்ததில்லை.

ஆனால் மேடையில் முப்பது வருடம் பிழைத்தவன் லேசில் சாக மாட்டான். அத்தான் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்தார். கூட்டத்தைப் பார்த்து மலர்ந்து சிரித்தார், இதெல்லாம் திட்டம் போட்டதுதான் என்பது போல. பிறகு வலது கையை அகல விரித்து, குனிந்து, பியானோவைக் காட்டினார்.

தனி. அவளுக்குத் தனி.

கூட்டம் கைதட்டியது. நாலாவது வரிசையில் நிர்வாகியம்மா கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். இனிமேல்தான் கேட்கப்போகிறாள் என்று அதற்கு அர்த்தம். சின்னவளின் இடது கை தானாகவே அந்த அடிக்கட்டைக்கு நகர்ந்தது. மூன்று தட்டு. பிறகு அமைதி. பிறகு, யாருக்குத் தெரியும்.

அத்தான் பியானோ மேல் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து நின்றார். சாய்ந்துகொண்டுதான் நின்றார். முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுடைய வலது கைக்கு வேறு ஒரு யோசனை வந்தது. உன் தோன்றல்தானே, இதோ நான் தோன்றவைக்கிறேன் என்று அவருடைய முதல் சுற்றை எடுத்தாள். அவருடைய முதல் சுற்றேதான், ஸ்வரம் பிசகாமல். மூன்று இசைத்தட்டிலும் முந்நூறு கச்சேரியிலும் ‘இந்த நிமிடம் பிறந்தது’ என்று அவர் விற்ற அதே சரக்கு. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அடையாளம் தெரிந்துவிட்டது. அத்தானின் சிரிப்பு ஓர் ஓரத்தில் சரிந்ததைச் சின்னவள் பார்த்தாள். ஒரு எட்டு வரி போதும், இந்தச் சாயம் வெளுத்ததும் என்னுடையதற்குப் போகலாம் என்று நினைத்தாள்.

எட்டு வரி முடிந்தது. தயக்கம் வருகிற இடம் அடுத்தது. அதை விட மனசு வருமா? தயங்கினாள், அவர் தயங்குவதைவிட அரை மூச்சு அதிகமாக. தலையை அவர் மாதிரியே சாய்த்து, இடது கண்ணை முதலில் மூடினாள். இப்போது இருபது பேர் சிரித்தார்கள். விமர்சகர் தாடியைத் தடவினார். இரண்டாவது சுற்று தானாக வந்தது. அந்தச் சுற்றின் முடிவில் பிசகு இருக்கிறதே, அதை எப்படி விடுவது, கையும் களவுமாகப் பிடித்துக் காட்ட வேண்டிய இடமே அதுதானே? ஸ்வரத்தை வழுக்கவிட்டாள், பிடித்தாள், மேலே ஏறினாள். கூட்டம் ‘ஆகா’ என்றது. கைதட்டல் மேடையைத் தொட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது.

போதும், இனி என்னுடையது.

வலது கையை எடுத்து மடியில் வைத்தாள். இடது கையால் அடிக்கட்டையைத் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. அரங்கம் அடங்கியது. அமைதி வந்தது. அந்த அமைதியின் முதல் மூச்சு முடியவில்லை, சாக்ஸபோன் உள்ளே நுழைந்தது.

சரியான சுருதியில் நுழைந்தது. ஒரு ஸ்வரம் தப்பவில்லை. அத்தான் பியானோ மேல் சாய்ந்துகொண்டு சும்மா நிற்கவில்லை. இரண்டு சுற்றும் அவள் வாசிப்பைக் காதில் வாங்கிக்கொண்டு, தன் விரல்களைச் சாக்ஸபோன் சாவிகள் மேல் ஓசையில்லாமல் ஓட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அவருக்குச் சொந்தமாக எதுவும் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் ஒருமுறை காதில் விழுந்ததைப் பிடித்துக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம் மட்டும் எப்போதும் உண்டு. அவருடைய பாடத்தை, அரைக்கட்டை கீழே, மெதுவாக, தெளிவாக, இரண்டு சுற்று அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

கூட்டம் எழுந்து நின்றது. பியானோ கேள்வி கேட்டது, சாக்ஸபோன் பதில் சொன்னது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். முதலில் வந்த கோரமும் அதில் ஒரு பகுதியாகிவிட்டது. சின்னவளின் கைகள், வேறு வழியில்லாமல், பழக்கப்பட்ட துணை வாசிப்பை எடுத்துக்கொண்டன. மிச்சம் இருந்த நாலு பாட்டையும் அவள் மறுபடி தள்ளி வாசித்தாள்.

கச்சேரி முடிந்ததும் நிர்வாகியம்மா பின்னறைக்கு வந்தாள். அத்தானைச் சுற்றி ஒரு கும்பல். விமர்சகர் ‘உடைத்துக் கட்டுதல்’ என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அத்தான் அதற்குத்தான் ஆசைப்பட்டேன் என்பது போலத் தலையசைத்தார். நிர்வாகியம்மா கும்பலைச் சுற்றிக்கொண்டு நேராகச் சின்னவளிடம் வந்தாள்.

“அச்சு அசல் அவர் மாதிரியே வாசிச்சீங்க. கண்ணை மூடிக் கேட்டா அவரேதான். கிண்டலாத்தான் வாசிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். நல்லா சிரிச்சேன்.”

சின்னவள் காத்திருந்தாள்.

“ஆனா நான் அவரைக் கேக்க வரலீங்க. ஒரு முழுக் கச்சேரிக்கு ஒருத்தரைக் கிண்டல் பண்ணிட்டே இருக்க முடியாது. நாலாவதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க.” அவள் கையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கே சொல்கிறேன் என்றாள், சொல்லிவிட்டாள். பேச்சு மாறாதவள்.

இனிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாக்கில் ஒன்றும் இல்லை. சின்னவள் தன் பையை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் வந்தாள். ட்யூனர் பியானோ மூடியைச் சாத்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து வாயைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார். வாய் ஓயாத மனிதர் அப்படிப் பேசாமல் இருந்தது அவளுக்கு அவமானமாக இருந்தது.

கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் நடைபாதையில் அக்கா பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள்.

“நீ வெடிகாலையில வாசிக்கிறது எனக்குக் கேக்கும், தெரியுமா?” என்றாள் அக்கா.

“மிதியை அமுக்கிட்டுத்தானே வாசிக்கிறேன்.”

“தரை வழியா வரும். இருபது நாளா அவரு தூங்கிட்டு இருக்கும்போது நான் எந்திரிச்சு ஜன்னல்கிட்ட உக்காந்து கேட்டேன். முதல்ல மூணு தட்டு. அப்புறம் ஒண்ணுமே இருக்காது. அப்புறம் வருமே.” அக்கா பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். “இடைவேளையில என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரியாது, நீங்க ரெண்டு பேரும் சொல்லவும் மாட்டீங்க. ஆனா அவரு உன்னை வாசின்னு கை காட்டினாருல்ல, அப்ப நான் சீட் நுனிக்கு வந்துட்டேன். வரப்போகுது, வரப்போகுதுன்னு. நீ அவரோடதை எடுத்தே. அதை நான் தினம் எட்டு மணிக்குக் கேக்குறேன்டி.”

சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

“கடைசியில மூணு தட்டு தட்டினே. ஏண்டி அதை முதல்லயே தட்டல?”

சின்னவள் அத்தானைக் குற்றம் சொல்லலாம் என்று பார்த்தாள். அவர் கை காட்டினார், இடம் கொடுத்தார், இரண்டு முழுச் சுற்று வாய் திறக்காமல் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

காரை அக்கா ஓட்டினாள். அத்தான் முன்சீட்டில் கழுத்துத் துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். சின்னவள் பின்சீட்டில், சாக்ஸபோன் பெட்டிக்குப் பக்கத்தில். பியானோ இறங்கியிருந்ததை அவர் எப்போது கேட்கப்போகிறார் என்று காத்திருந்தாள். திட்டுவார் என்றால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“சின்னவளே” என்றார் அத்தான், திரும்பாமல். “அந்த நடுவுல தயங்குற இடம் இருக்குல்ல, முதல் சுத்துல. அங்க நீ ஒரு அரை மூச்சு கூட நிறுத்தினே பாரு.”

“ம்.”

“நல்லா இருந்துச்சு. நான் வாசிக்கிறதைவிட நல்லா இருந்துச்சு. இனிமே நானும் அப்படியே வாசிக்கலாம்னு இருக்கேன்.”

மறுநாள் எட்டு மணிக்கு மாடியில் அவர் அதைச் சாதகம் செய்யத் தொடங்குவார் என்று அவளுக்குத் தெரியும். இப்போதே முணுமுணுப்பாகப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். தயங்கும் இடம் வந்தது, அரை மூச்சு அதிகமாக நிறுத்தினார், தலையைச் சாய்த்தார். பின்சீட்டில் சின்னவளின் விரல்கள் முழங்காலின் மேல் நகர்ந்துகொண்டிருந்தன. அவரோடு நின்றன, அவரோடு புறப்பட்டன. வீடு வரும் வரை துணை வாசித்துக்கொண்டே வந்தன.